குழந்தையின் ரத்தத்தில் ஈயம்: சட்டம் எந்த இடத்தில் குறுக்கே வர வேண்டும்?

கத்தி, தீப்பெட்டி, மருந்துப் புட்டி என்று குழந்தைக்கு ஆபத்தான பொருள்கள் வீட்டில் நிறைய உண்டு. அவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஈயம், அதாவது காரீயம், அந்த வகையில் சேராது. சுவரில் உரியும் பழைய பெயின்ட்டில் இருக்கும், தரையில் படிந்த தூசியில் இருக்கும், குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும், விளையாடும் மண்ணில் கலந்திருக்கும். நிறமோ வாடையோ காட்டிக்கொடுக்காது. பெற்றவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கண்ணால் பார்த்து விலக்க முடியாத நஞ்சு இது. அதனால்தான் இந்த விஷயத்தில் அறிவுரையோடு நிறுத்திக்கொள்ள முடியாமல் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளே வருகிறது.

இந்தச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். விதிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அவற்றை எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: ஈயம் இருப்பதை முதலில் கண்டுபிடிப்பது எது? சோதனைக் கருவியா, குழந்தையின் உடம்பா? நூறு ஆண்டுச் சட்ட வரலாற்றைப் புரட்டினால், பெரும்பாலும் குழந்தையின் உடம்புதான் முதலில் கண்டுபிடித்திருக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்துபோகிறது. குடல் அதை உள்ளே விடுகிறது, எலும்பு அதைச் சேமித்து வைக்கிறது, மூளையின் நரம்புச் செல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வேலையில் அது புகுந்து குழப்புகிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகள் உறிஞ்சுகிறார்கள். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைவான குழந்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். தவழ்கிற வயதில் கை தரையில் இருக்கும், அடுத்த நிமிடம் வாயில் இருக்கும். மூளை வேகமாக வளர்கிற வயதும் அதேதான்.

ரத்தத்தில் புகுந்த ஈயம் சில வாரங்களில் பாதியாகக் குறையும். எலும்பில் படிந்தது பத்து, இருபது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே கிடக்கும். சிறுவயதில் சேர்ந்த ஈயம், பிற்பாடு அந்தப் பெண் கருவுற்றிருக்கும்போது எலும்பிலிருந்து கரைந்து கருவையும் அடையலாம்.

ரத்தத்தில் ஈயத்தை மைக்ரோகிராம் கணக்கில், ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு எவ்வளவு என்று அளப்பார்கள். ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். 12 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அளவு 5 என்று வந்தால் மொத்த ரத்தத்திலும் இருப்பது 50 மைக்ரோகிராம். ஒரு சர்க்கரைப் பரலின் எடையில் இது சிறு பங்குதான். இவ்வளவு கொஞ்சம் இருந்தாலே உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பது அதே நிறுவனத்தின் நிலைப்பாடு.

இதில் பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் உண்டு. பல நாடுகளில் நடந்த ஏழு ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து, 1,333 குழந்தைகளின் கணக்கை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2005-இல் வெளியானது. ரத்த ஈயம் 2.4-லிருந்து 10 ஆக உயரும்போது ஐக்யூ ஏறக்குறைய 3.9 புள்ளி குறைகிறது. 10-லிருந்து 20 ஆக உயரும்போது மேலும் 1.9 புள்ளிதான் குறைகிறது. ஆக, சேதத்தின் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே, எந்த அறிகுறியும் தெரியாத அளவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வயிற்றுவலி, ரத்தசோகை, வலிப்பு எல்லாம் வெகு மேலே வருபவை.

சரி, மருந்து இல்லையா? இருக்கிறது. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சையை, பொதுவாக ரத்த அளவு 45-ஐத் தொடும்போது கொடுப்பார்கள். அது உயிரைக் காப்பாற்றும். 20 முதல் 44 வரை அளவு இருந்த குழந்தைகளுக்கு அமெரிக்காவில் இதே வகை மருந்தான சக்சிமரைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் முடிவு வந்தது: ரத்தத்தில் ஈயம் குறைந்தது, அறிவுத்திறன் சோதனைகளில் எந்த முன்னேற்றமும் இல்லை. இழந்ததை மருத்துவரால் திருப்பித் தர முடியாது. அவரால் செய்ய முடிந்ததெல்லாம் ஈயம் வரும் வழியை அடைக்கச் சொல்வது. ஆனால் அந்த வழி வாடகை வீட்டின் சுவராகவோ நகராட்சியின் குழாயாகவோ இருந்தால் மருத்துவரின் சீட்டுக்கு அங்கே அதிகாரம் கிடையாது. சட்டத்துக்குத்தான் உண்டு.

நான்கடி உயரத்துச் சட்டம்

குழந்தைகளை மனதில் வைத்து எழுதிய முதல் ஈயச் சட்டங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிறந்தது. 1890-களில் பிரிஸ்பேன் நகர மருத்துவர்கள் ஈய நச்சுக்கு ஆளான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904-இல் காரணத்தைச் சுட்டினார்: வீட்டு வராந்தாக் கைப்பிடிகளில் பூசிய வெள்ளை பெயின்ட். வெயிலில் அது பொடியாக உதிர்கிறது, பிள்ளைகளின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது.

மருத்துவர் சொன்ன பிறகு சட்டம் வர 18 ஆண்டுகள் ஆயின. 1922-இல் வந்த சட்டத் திருத்தம், பிள்ளைகள் புழங்கும் கட்டடங்களின் வெளிப்புறத்தில் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குள் ஈய பெயின்ட் பூசத் தடை விதித்தது. குழந்தையின் கை எட்டும் உயரத்தை அளந்து எழுதிய சட்டம் என்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாவது அடியில் பூசியது மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து கீழே விழாதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டே, 1921-இல், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெள்ளை ஈய உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் பூசக் கூடாது என்பது அதன் சாரம். பெயின்டர்களைக் காப்பதற்காக எழுதியதுதான், குழந்தைகளுக்கும் அதனால் பலன் கிடைத்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. அங்கே வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு நாடு தழுவிய தடை 1978-இல்தான் வந்தது. இந்த இடைவெளியில் கட்டிய லட்சக்கணக்கான வீடுகளின் சுவர்களை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிரூபிக்க வேண்டியது யார்?

ஈயச் சட்டங்களின் மையத்தில் இருப்பது வேதியியல் அன்று. கெடுதல் என்று நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. பெட்ரோலின் கதையில் இது தெளிவாகத் தெரியும்.

1921-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் என்ஜின் தட்டாமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். 1923-இல் விற்பனை தொடங்கியது. 1924-இல் நியூ ஜெர்சியில் அதைக் கையாண்ட ஆலை ஒன்றில் ஐந்து தொழிலாளர்கள் நரம்பு பாதித்து, புத்தி கலங்கி இறந்தார்கள். மறு ஆண்டு அரசு கூட்டிய மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் போன்றவர்கள் இதைத் தெருவில் விடக் கூடாது என்று எச்சரித்தார்கள். தொழில் தரப்பு மருத்துவர் ராபர்ட் கெஹோவின் வாதம் வேறு: மனித உடம்பில் இயல்பாகவே ஈயம் உண்டு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அது கெடுதல் செய்யாது, செய்யும் என்பவர்கள் சான்று காட்டட்டும். அந்த வாதம் வென்றது. அடுத்த 40 ஆண்டுகளுக்கு ஆய்வுப் பணமும் தரவும் பெரும்பாலும் தொழில் தரப்பின் கையிலேயே இருந்ததால் சான்று வரவும் இல்லை.

அந்த வாதத்தை உடைத்தவர் மருத்துவர்கூட இல்லை. பூமியின் வயதைக் கணக்கிட்ட புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். பாறைகளில் ஈயத்தை அளக்கப் போனவருக்கு எங்கு பார்த்தாலும் வெளியிலிருந்து வந்த ஈயம் குறுக்கிட்டது. ‘இயல்பு’ என்று சொல்லிவந்த உடல் ஈயம், உண்மையான இயற்கை அளவைவிட நூறு மடங்கு வரை இருக்கலாம் என்று 1965-இல் எழுதினார். எல்லோருக்கும் இருக்கிறது என்பதாலேயே அது இயல்பாகிவிடாது என்பதை அறிவியல் ஏற்றுக்கொள்ள இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் பள்ளிப் பிள்ளைகளின் உதிர்ந்த பால் பற்களில் ஈயத்தை அளந்து, அது அதிகமாக இருந்தவர்கள் அறிவுத்திறனிலும் கவனத்திலும் பின்தங்கியிருப்பதைக் காட்டினார்.

இதற்கிடையே சட்டத்தின் பக்கம் ஒரு பெரிய திருப்பம் நடந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1973-இல் பெட்ரோலில் ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்க விதி போட்டது. அந்த ஈயச் சேர்மத்தை விற்ற எத்தில் நிறுவனமும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். இந்த ஈயத்தால் இந்தக் குழந்தைக்கு இந்தப் பாதிப்பு என்று அரசு காட்டவில்லையே என்பது வாதம். முதல் சுற்றில் நிறுவனங்கள் வென்றன. பிறகு அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 1976-இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், விதியைக் காப்பாற்றியது. சட்டம் பேசுவது ஆபத்தைப் பற்றி, நடந்து முடிந்த சேதத்தைப் பற்றி அன்று. ஆபத்து இருப்பதாக நியாயமாக முடிவுசெய்ய ஆதாரம் இருந்தால் அரசு முந்திக்கொண்டு செயல்படலாம் என்றது அந்தத் தீர்ப்பு. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

பலன் உடனே ரத்தத்தில் தெரிந்தது. 1976-க்கும் 1980-க்கும் இடையில் அமெரிக்கர்களின் சராசரி ரத்த ஈயம் 14.6-லிருந்து 9.2 ஆக இறங்கியது. பெட்ரோல் ஈயத்தின் வரைகோடும் ரத்த ஈயத்தின் வரைகோடும் ஒன்றையொன்று ஒட்டியே இறங்கின. அந்த ஆண்டுகளில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் 88 சதவீதம் பேருக்கு 10-க்கு மேல் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது 4.4 சதவீதம். எந்தத் தாயும் வீட்டை இன்னும் நன்றாகத் துடைத்ததால் வந்த மாற்றமில்லை இது.

இந்தியா 2000-இல் ஈய பெட்ரோலை நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது.

புதிய பெயின்ட் எளிது, பழைய சுவர்தான் கடினம்

பெயின்ட்டில் ஈயம் மூன்று வேலைக்காகச் சேர்க்கப்பட்டது: வெண்மைக்கு, மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச் நிறங்களுக்கு, அப்புறம் சீக்கிரம் காய்வதற்கு. மூன்றுக்கும் மாற்றுப் பொருள்கள் எப்போதோ வந்துவிட்டன. எனவே புதிய பெயின்ட்டில் தடை விதிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். பல நாடுகள் இப்போது பின்பற்றும் வரம்பு 90 பிபிஎம். ஒரு கிலோ காய்ந்த பெயின்ட்டில் 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்று அர்த்தம். அமெரிக்கா 600-இலிருந்து 2009-இல் இந்த அளவுக்கு இறங்கியது. இந்தியா வீட்டு, அலங்கார பெயின்ட்டுகளுக்கு இதே வரம்பை 2016-இல் அறிவித்து 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2018-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டமும் 90 என்றுதான் சொல்கிறது.

இத்தகைய சட்டத்தைப் படிக்கும்போது எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. வரம்பு மொத்த ஈயத்துக்கா, அமிலத்தில் கரையும் ஈயத்துக்கு மட்டுமா என்று பார்க்க வேண்டும். பின்னது இருந்தால் நிறைய ஈயம் தப்பித்துப் போகும். வீட்டு பெயின்ட்டுக்கு மட்டுமா, தொழிற்சாலைக்கான பெயின்ட்டுக்கும் சேர்த்தா என்றும் பார்க்க வேண்டும். பள்ளி விளையாட்டுத் திடலின் சறுக்கு மரத்துக்கும் ஊஞ்சலுக்கும் பூசுவது பல நேரம் இந்த இரண்டாவது வகைதான்.

ஏற்கெனவே சுவரில் இருப்பதை என்ன செய்வது? இங்கேதான் சட்டங்கள் திணறுகின்றன. அமெரிக்காவில் 1992-இல் ஒரு சட்டம் வந்தது. 1978-க்கு முன் கட்டிய வீட்டை விற்பவரோ வாடகைக்கு விடுபவரோ, ஈய பெயின்ட் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். வாங்குபவர் கேட்டால் சோதித்துப் பார்க்கப் பத்து நாள் அவகாசம் தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘தெரிந்ததைச் சொல்’ என்றுதான் இருக்கிறது, ‘சோதித்துப் பார்’ என்று இல்லை. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சோதிக்காத உரிமையாளர் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று நேர்மையாகவே எழுதிக் கையெழுத்துப் போடலாம். தெரிந்துகொள்ளாமல் இருப்பவருக்குச் சட்டமே பரிசு கொடுத்தது போல் ஆகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1971 முதல் கடுமையான பாதையில் போகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை குடியிருந்தால், அதற்குப் பாதிப்பு வந்ததோ இல்லையோ, ஈய பெயின்ட்டை அகற்றுவதோ மூடுவதோ உரிமையாளரின் கடமை. இதற்கு ஒரு பின்விளைவு உண்டு, யாரும் ஊகிக்கலாம்: சின்னப் பிள்ளை இருக்கிறதா, வீடு இல்லை என்று சொல்லிவிடும் உரிமையாளர்கள். அதனால் அப்படி மறுப்பதும் குற்றம் என்று சட்டம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் 2005-இல் நிறைவேற்றிய விதிதான் இவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது. வாடகை வீட்டுக்குக் குடியிருப்புச் சான்றிதழ் புதுப்பிக்க வரும் வழக்கமான ஆய்வாளரே உரிந்த பெயின்ட்டையும் பார்ப்பார். ஆபத்து அதிகமுள்ள பகுதிகளில் தரைத் தூசியைத் துடைத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். ஆய்வாளரின் வருகையைத் தீர்மானிப்பது கட்டடம். எந்தக் குழந்தையின் ரத்த அறிக்கைக்காகவும் அவர் காத்திருக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்க்கோடி பால்டிமோரில் நடந்தது. எவ்வளவு மலிவாகச் செப்பனிட்டால் ஈயம் எவ்வளவு குறையும் என்று அறிய 1990-களில் ஓர் ஆய்வு. வீடுகளை வெவ்வேறு அளவுக்கு அரைகுறையாகச் செப்பனிட்டு, அவற்றில் குழந்தைகளோடு குடும்பங்களைக் குடியமர்த்தி, குழந்தைகளின் ரத்தத்தை அவ்வப்போது அளந்தார்கள். ஆய்வாளர்களின் நோக்கம் கெட்டதில்லை. முழுச் செப்பனிடலுக்குப் பணம் கிடைக்காத வீடுகளுக்கு வழி தேடினார்கள். ஆனாலும் குடும்பங்கள் தொடுத்த வழக்கில் மேரிலாந்தின் உச்ச நிலை நீதிமன்றம் 2001-இல் ஆய்வாளர்களைக் கடுமையாகக் கண்டித்து, வழக்கு விசாரணைக்குப் போகலாம் என்றது. அந்தத் தீர்ப்பைப் படிப்பவர்கள் ஆய்வாளர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் குழந்தைக்கு அளவு ஏறிய பிறகே அதிகாரி வருவார் என்று எழுதிய சட்டம் ஒவ்வொன்றும், படிவமும் ஒப்புதல் கையெழுத்தும் இல்லாமல், கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது.

குழாய்

ஆற்றிலோ ஏரியிலோ ஈயம் அதிகம் இருப்பதில்லை. தண்ணீர் வரும் வழியில்தான் சேர்கிறது: தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாய், பற்றவைத்த மூட்டு, பித்தளைத் திருகு. சிகாகோ நகர விதி 1986 வரை வீட்டு இணைப்புக்கு ஈயக் குழாயையே போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அந்த ஆண்டு நாடு முழுவதும் புதிய ஈயக் குழாய் தடைசெய்யப்பட்டதால்தான் அது நின்றது. ஆனால் அந்தச் சட்டமும், 8 சதவீதம் வரை ஈயம் உள்ள குழாய்களையும் திருகுகளையும் ‘ஈயமற்றவை’ என்றே ஏற்றுக்கொண்டது. 2014-இல்தான் அது 0.25 சதவீதமாகச் சுருங்கியது.

தண்ணீரில் 15 பிபிபி, அதாவது லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அமெரிக்க அளவைப் பலர் பாதுகாப்பு வரம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஊரில் எடுத்த மாதிரிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த அளவைத் தாண்டினால், தண்ணீர் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதற்கான எல்லை மட்டுமே. நூறு வீட்டில் எட்டு வீட்டுத் தண்ணீர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஊர் தேர்ச்சி பெற்றுவிடும். அந்த எட்டு வீட்டில் பாலில் தண்ணீர் கலந்து குடிக்கும் கைக்குழந்தைக்கு இந்தத் தேர்ச்சியால் என்ன பயன்?

மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கத் தண்ணீரை ஃப்ளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உட்படிவு கரைந்து வந்தது. தண்ணீர் சரியாக இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, ரத்தத்தில் ஈயம் 5-ஐத் தாண்டிய குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரட்டித்திருப்பதை வெளியிட்டார். இங்கேயும் அதிகாரிகளை அசைத்தது குழந்தைகளின் ரத்தம்தான்.

குழாயை மாற்றுவதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. தெருப் பக்கம் உள்ள பாதி நகராட்சிக்கும், வீட்டுப் பக்கம் உள்ள பாதி உரிமையாளருக்கும் சொந்தமாக இருக்கும். பாதியை மட்டும் வெட்டி மாற்றினால் அதிர்வில் மீதிப் பாதியிலிருந்து சில காலம் ஈயம் கூடுதலாகவே வரும். நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரம் 2019-இல் உரிமையாளரைத் தேடிப் பிடித்து அனுமதி வாங்காமலேயே மாற்ற இடம்கொடுக்கும் விதியை இயற்றி, செலவையும் தானே ஏற்றது. சுமார் 23,000 குழாய்கள் மூன்று ஆண்டுக்குள் மாறின. நாடு முழுவதும் பத்து ஆண்டில் ஈயக் குழாய்களை மாற்றவும், நடவடிக்கை எல்லையை 10-ஆகக் குறைக்கவும் 2024 அக்டோபரில் அமெரிக்க முகமை விதி அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 2036 தொடக்கத்தில் 10-லிருந்து 5-ஆக இறங்கும்.

ரத்தச் சோதனை தேவையில்லையா?

தேவை, கட்டாயம் தேவை. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள குழந்தைகளுக்கு 12 மாதத்திலும் 24 மாதத்திலும் ரத்த ஈயச் சோதனை கட்டாயம். ஆய்வகம் முடிவைச் சுகாதாரத் துறைக்கும் அனுப்ப வேண்டும் என்று பல மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. தனித்தனி மருத்துவர்களின் கோப்பில் கிடந்தால் அது ஒரு குழந்தையின் பிரச்சினை; ஓர் இடத்தில் சேர்ந்தால்தான் ஒரே தெருவில் பத்துக் குழந்தைகள் என்று தெரியும். ஃப்ளின்ட் வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரு மருத்துவமனையில் அப்படிச் சேர்ந்த பதிவுகளால்தான்.

அறிக்கையில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது? அமெரிக்காவில் கவலைப்பட வேண்டிய அளவு 1960-களில் 60 ஆக இருந்தது. பிறகு 40, 30, 25 என்று இறங்கி, 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5 ஆனது. குழந்தைகளின் உடம்பு மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறியது. இப்போதைய 3.5 பாதுகாப்பு எல்லை கிடையாது. அந்த நாட்டுக் குழந்தைகளில் அதிக அளவு உள்ள 2.5 சதவீதம் பேரைப் பிரித்துக்காட்டும் புள்ளிவிவரக் கோடு, அவ்வளவுதான். 3 வந்தால் நிம்மதி, 4 வந்தால் பீதி என்று எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

சட்டப் புத்தகம் எட்டாத இடங்கள்

யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளுக்கு ரத்த ஈயம் 5 அல்லது அதற்கு மேல். மூன்றில் ஒரு குழந்தை. பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் இருக்கிறார்கள். உலகில் பயன்படும் ஈயத்தில் முக்கால் பங்குக்கும் மேல் இன்று வாகன பேட்டரிகளுக்குப் போகிறது. பழைய பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கும் வேலை, உரிமம் பெற்ற ஆலையில் நடந்தால் கட்டுப்படுத்தலாம். குடியிருப்புக்கு நடுவே கொல்லைப்புறத்தில் நடந்தால் எந்த வரம்பும் அங்கே போய்ச் சேராது. செனகலின் டக்கார் நகரப் புறத்தில் 2007 நவம்பர் முதல் 2008 தொடக்கம் வரையிலான சில மாதங்களில் 18 குழந்தைகள் இப்படி இறந்தார்கள்.

சட்டத்தை நடைமுறைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்தில் நல்ல சான்று கிடைத்தது. அங்கே சமையல் மஞ்சள் நன்றாகப் பளிச்சிட லெட் குரோமேட் என்ற ஈய நிறமியைச் சேர்த்துவந்தார்கள். கலப்படம் முன்பே குற்றம்தான். 2019-இல் ஆய்வு முடிவுகள் வெளிவந்ததும், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஈயத்தைச் சில நொடிகளில் காட்டும் கையடக்கக் கருவியோடு மொத்த விற்பனைச் சந்தைக்குப் போய், பிடிபட்டவர்களுக்கு அபராதம் போட்டார்கள். செய்தியில் அது பரவியது. ஈயம் கலந்த மாதிரிகள் 2019-இல் 47 சதவீதம், 2021-இல் ஒன்றுகூட இல்லை. அதிகாரிகள் கையில் இருந்தது பழைய சட்டமும் அந்தக் கருவியும்தான்.

செலவு யாருடையது?

கடைசியாக எல்லாச் சட்டமும் வந்து முட்டுவது பணத்தில். ஈய பெயின்ட் விற்ற நிறுவனங்கள் பழைய சுவர்களைச் சுத்தப்படுத்தும் செலவை ஏற்க வேண்டுமா? ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஜூரி 2006-இல் ஆம் என்றது. மாநில உச்ச நீதிமன்றம் 2008-இல் அதை ரத்து செய்தது. பெயின்ட் விற்ற பிறகு அது நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை, ஆகவே ‘பொதுத் தொல்லை’ என்ற சட்டப் பிரிவு பொருந்தாது என்றது. கலிபோர்னியாவில் சில மாவட்டங்களும் நகரங்களும் அதே பிரிவில் 2000-இல் தொடங்கிய வழக்கு, ஆபத்து தெரிந்தும் வீட்டு உபயோகத்துக்கு விளம்பரம் செய்தார்கள் என்ற அடிப்படையில் நின்றது. 2019-இல் மூன்று நிறுவனங்கள் 30.5 கோடி டாலர் தருவதாக உடன்பாடு ஆயிற்று. அந்தப் பணம் பழைய வீடுகளில் ஈய ஆபத்தை அகற்றுவதற்கு என்றே ஒதுக்கப்பட்டது.

கென்யாவின் மொம்பாசாவில் உள்ள ஓவினோ உஹுரு குடியிருப்பு மக்கள் வேறு வழியில் போனார்கள். பக்கத்தில் இயங்கிய பேட்டரி உருக்காலையால் பாதிக்கப்பட்ட அவர்கள், அரசியல் சாசனம் தந்த தூய்மையான சுற்றுச்சூழல் உரிமையை முன்வைத்து வழக்காடினார்கள். 2020-இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டில் அது தடைபட்டு, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் உறுதியானது. ஆலை நடத்தியவர்களோடு, அதை அங்கே இயங்கவிட்டு மேற்பார்வையில் தவறிய அரசு அமைப்புகளும் பொறுப்பாளிகள் என்பது அந்த வழக்கின் முடிவு.